கடைசியில் சாகாத படம்

என் வாயாடித் தம்பி குணாவுக்கு,

நீ இருந்தவரைக்கும் உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதினதில்லை. எதுக்கு எழுதணும்? ஒரே வீடு, பக்கத்துப் பக்கத்துக் கடை. சுவருக்கு இந்தப் பக்கம் என் தையல் மிஷின், அந்தப் பக்கம் உன் செல்போன் கடை. ஏதாவது வேணும்னா கத்திரிக்கோலால் சுவரில் ரெண்டு தட்டு தட்டுவேன், "இன்னாக்கா, உசுர வாங்குற?" என்று எட்டிப் பார்ப்பாய். இப்போது எட்டிப் பார்க்க ஆளில்லை. அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன் என்று கோவப்படாதே. உன்னைப் பற்றி நாலு பேர் வேற மாதிரி பேசிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் எதுக்குக் குசுகுசுவென்று பேசணும்?

முதல் செய்தி. உன் கடையை நான் மூடவில்லை. பெரியப்பா வந்து, "பொம்பள எப்படி இந்தக் கடைய நடத்துவ? வாடகைக்கு வுட்டுடு" என்றார். "ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிற கையிக்கு சார்ஜர் விக்கத் தெரியாதா பெரியப்பா?" என்று கேட்டேன். போய்விட்டார். இப்போது ரெண்டு கடைக்கும் நான்தான். போன் திரை மேல் டெம்பர் கிளாஸ் ஒட்டப் பழகிவிட்டேன். காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்டுகிறேன், உன்னைவிட நன்றாகவே.

டவுன்காரர்கள் கார்டில் படம் ஏற்ற வருவதில்லை. அவங்கவங்க போனில் நெட் இருக்கிறது. மலையிலிருந்து வருகிறவர்கள்தான் இன்னும் வருகிறார்கள். வெள்ளிமலை தாண்டி உள்ளே போய்விட்டால் சிக்னல் எங்கே வருகிறது? பாறை மேல் ஏறி நின்றால் ஒரு கோடு, இறங்கினால் அதுவும் இல்லை. மரவள்ளிக்கிழங்கு லோடோடு இறங்கி வருகிறவர்கள் மெமரி கார்டை நீட்டி, "நல்லதா நாலு படம் ஏத்துக்கா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். அவர்கள் கேட்ட நாலு படத்தோடு அவர்கள் கேட்காத ஒன்றையும் ஏற்றிவிடுவாய்.

அந்த ஒன்றுதான் உன் வாழ்க்கையாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். ஆணை விரும்புகிற ஆண், பெண்ணை விரும்புகிற பெண், திருநங்கை, திருநம்பி, இவர்கள் வருகிற படம் எங்கே கிடைத்தாலும் தேடிப் பிடித்து ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தாய். ஆனால் அதுக்கென்று தனியாக ஒரு ஃபோல்டர் போடவில்லை. பேய், ஃபைட்டு, சிரிப்பு, சாமி, குடும்பம் என்று ஊருக்கே இருக்கிற ஃபோல்டர்களுக்குள் பிரித்துப் போட்டிருந்தாய். ஏன்டா இப்படிக் கலந்து வைக்கிற, தேடுறதுக்குச் சுலபமா ஒரே இடத்தில் வையேன் என்று ஒரு நாள் கேட்டேன். உனக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"தனிப் பந்தி போடச் சொல்றியாக்கா? பேய்ப் படம் பாக்கறவனுக்குப் பேய்ப் படத்துலதான் நாங்க வரணும். சாமிப் படம் பாக்கறவங்களுக்கு சாமிப் படத்துல. எங்க படம்னாலே அழுவுற படம், கடைசில சாவுற படம்னு எவன் சொன்னான்?"

சாவில் முடிகிற படம் என்றாலே உனக்கு ஆகாது. "பாக்கறவன் உச்சு கொட்டிட்டு வூட்டுக்குப் போய்த் தூங்கிடுவான்க்கா. எங்கள மாதிரி ஒருத்தன் பாத்தா அவன் தூங்குவானா?" என்பாய். அந்த மாதிரிப் படங்களையும் வைத்திருந்தாய், ஆனால் யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பது உன் மண்டைக்குள் இருந்தது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. மண்டையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாய், படுபாவி.

ஆடி மாதத்து மழையில் மலைக்குப் போய்விட்டு இறங்கும்போது மலை ரோட்டு வளைவில் உன் வண்டி விழுந்தது. வண்டி சறுக்கியது என்று போலீஸ்காரர் சொன்னார். அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். "மழைடி, ரோடு வழவழன்னு கீது, வண்டி வழுக்கிடுச்சு." யாரும் கேட்காமலே சொல்கிறாள். ஊர் வேற மாதிரி சொல்கிறது. "அந்த மாதிரிப் பசங்க இப்படித்தான் முடிவாங்க." சாவு வீட்டிலேயே, என் காதில் விழுகிற மாதிரி, பெரியப்பா சொன்னார். நீ எந்தப் படத்தை வெறுத்தாயோ அந்தப் படத்தின் கடைசிக் காட்சியாக உன்னைப் பார்த்துவிட்டு, உச்சு கொட்டிவிட்டு, சாப்பிடப் போனார்கள்.

இந்தப் பெரியப்பா யார்? சித்திரை மாதம் கூவாகத்துக்கு வேண்டிக்கொண்டு போய், கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு வந்த மனுஷன். கைக்குழந்தைக்கு ஜுரம் நிற்கவில்லை என்று வேண்டுதல். நம் ஜில்லாவில் எத்தனை மீசைக்காரர்கள் அந்தக் கோயிலில் கழுத்தை நீட்டியிருக்கிறார்கள்! அன்றைக்குக் கட்டி மறுநாள் அறுத்துவிட்டால் அது பக்தி. நீ ஒருத்தனோடு கைபிடித்து வருஷக்கணக்காக வாழணும்னு நினைத்தால் அது வியாதி. நான் அவரிடம் இதைக் கேட்டே விட்டேன், குணா. பந்தலில் நின்றே கேட்டேன். சித்தி என் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துப் போனாள்.

எனக்கே தெரியாத ஒன்றை உன்னிடம் மட்டும் கேட்கிறேன். சறுக்கியதா? எனக்குப் பொய் சொல்லாதே. சறுக்கியதுதானே?

சரி, விடு. அழுகிறதுக்கு இதை எழுத உட்காரவில்லை.

உன் மண்டையில் இருந்ததை நான் எங்கே போய்த் தேடுவது? உன் ஹார்ட் டிஸ்கைப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். மத்தியானம் கடையில் ஆள் வராத நேரத்தில், ஒரு கண் ஊசியில், ஒரு கண் திரையில். நான் பிழைப்புக்கு ஜாக்கெட் தைக்கிறவள், எனக்கு என்ன சினிமா தெரியும்? ஆனால் யாருக்கு எது பொருந்தும் என்று பார்க்கிறது என் தொழில்தான். ஒருத்தி அளவில் தைத்ததை இன்னொருத்திக்கு மாட்டினால் அக்குளில் பிடிக்கும். படமும் அப்படித்தான் இருக்கிறது.

சின்னசேலம் மெக்கானிக் ஒருத்தன் பேய்ப் படம் தவிர வேறு எதையும் தொடமாட்டான். அவனுக்கு உன் பேய் ஃபோல்டரிலிருந்து அந்தப் பாழடைந்த பங்களா படத்தை ஏற்றிக் கொடுத்தேன். இளவயதில் செத்த ஒருவன் பேயாக மாடியில் சுற்றுகிறான். வருகிறவர்களையெல்லாம் விரட்டுகிறான். கடைசியில் பல்லு போன ஒரு கிழவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, "வர லேட்டாயிடுச்சுடா" என்கிறார். பேய் அழுகிறது. மெக்கானிக் கார்டைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, "இன்னாப்பா, பயமா இருந்துச்சா?" என்று கேட்டேன். "மொதல்ல பயந்தேன்க்கா. அப்பறம் பேயி பாவமா பூடுச்சு. அவ்ளோ நாளு காத்துக்கினு இருந்துது பாரு" என்றான். அவனுக்கு அது என்ன படம் என்று புரிந்ததா? புரிந்திருக்கும். புரியாவிட்டாலும் பாவமென்று தோன்றியதே, அது போதும் என்றுதான் நீ சொல்லியிருப்பாய்.

கவுண்டருக்குக் கீழே நீ வைத்திருந்த புத்தகங்களையும் எடுத்தேன். எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தத் துப்பறியும் கதை. பஸ் ஸ்டாண்டில் இட்லிக்கடை வைத்திருக்கிற திருநங்கை ஒருத்தி, காணாமல் போன ஆடுகளைக் கண்டுபிடிக்கிறாள். சப்-இன்ஸ்பெக்டர் அவள் கடையில் இட்லி தின்றுகொண்டே அவளிடம் யோசனை கேட்கிறார். அவள் திருநங்கை என்பது ஓரிரண்டு இடத்தில் வந்து போகிறது, அவ்வளவுதான். மற்றபடி ஆடு எங்கே என்பதுதான் கதை. நான் அடுப்பில் குழம்பைத் தீயவிட்டுப் படித்தேன். கோர்ட்டுக்கு வருகிற குமாஸ்தா ஒருவர் அதை வாங்கிப்போய், இதே ஆள் எழுதினது வேற இருக்கா என்று ரெண்டு தடவை கேட்டுவிட்டார்.

ஷேர் ஆட்டோ ஓட்டுகிற பாஷா பாய் மகளுக்குப் படப் புத்தகம் கேட்டார். ரெண்டு அப்பா இருக்கிற ஒரு குட்டிப் பெண்ணுக்கு யார் ஜடை பின்னுவது என்று சண்டை வருகிற புத்தகத்தைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலை எட்டிப் பார்த்தேன். பாய் என்ன சொல்வாரோ? மறுநாள் ஆட்டோவை நிறுத்தாமலே கத்திவிட்டுப் போனார்: "தமிழு, இப்ப எம் பொண்ணு என்னையும் ஜடை பின்னச் சொல்லுது! நல்ல பேஜார் புடிச்ச பொஸ்தகம் குடுத்த போ!" சிரித்துக்கொண்டுதான் கத்தினார்.

ராக்கெட்டில் வேறொரு நட்சத்திரத்துக்குப் போகிற கதையையும் படித்தேன். ராக்கெட் எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த ராக்கெட்டுக்குள் யாரும் யாரையும் பார்த்து நீ ஏன் கல்யாணம் பண்ணிக்கலை என்று கேட்கவில்லை, அது நன்றாகப் புரிந்தது. கவிதைப் புத்தகம் மட்டும் என் கையில் நிற்கவில்லை. காலேஜுக்குப் போகிற ஒரு பெண் அதை நின்றபடியே படித்து, ஒரு பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அவளுக்கே எடுத்துப் போகச் சொன்னேன். திருநம்பி ஒருவர் தன் கதையைச் சொல்கிற புத்தகம் இருக்கிறதே, முதல் தடவை சவரம் பண்ணிக்கொண்டு மூஞ்சியை வெட்டிக்கொள்கிறாரே, அதைத் தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவர்களுக்குக் கொடுக்காதே என்று நீ சொன்ன ஞாபகம். ஏன் என்று அன்றைக்குக் கேட்கவில்லை. இப்போது படித்தபோது தெரிந்தது. பாதிக்கு மேல் அந்த மனுஷன் பேச ஆளில்லாமல் கிடக்கிறார்.

இப்படி எனக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது என்று ஒரு திமிர் வந்தது. அந்தத் திமிரோடு இருக்கும்போதுதான் கோகிலா வந்தாள்.

உனக்குத் தெரிந்த கோகிலாதான். வெள்ளிமலைக்கு அந்தாண்ட ஊர், டிகிரி முடித்துவிட்டு அம்மாவோடு காடு பார்க்கிற பெண். சின்னசேலம் பக்கத்துச் சவ்வரிசி மில்லில் வேலை செய்கிற ரேவதிக்கும் அவளுக்கும் இடையில் இருப்பதை உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாளாம். என்னிடம் கார்டை நீட்டினாள். பிறகு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வூட்ல மாப்ள பாத்துட்டாங்கக்கா. எனக்கு வேணான்னேன். ஏன்னு அம்மா கேக்குது. எனக்குச் சொல்ல வாய் வர்ல. குணா அண்ணன்தான் சொல்லுச்சு, உன்னால சொல்ல முடியலைன்னா ஒரு படத்த வுட்டுச் சொல்லச் சொல்லலாம், உங்க அம்மாளுக்கு ஏத்த மாதிரி, கடைசில சாவாத படமா ஒண்ணு கீது, அடுத்த வாட்டி வர்றப்ப எடுத்தாறேன்னுச்சு. அப்பறம் அண்ணனே வர்ல."

அது என்ன படம் என்று நீ சொன்னாயா என்று அவளைக் கேட்டேன். பேர் சொல்லவில்லை என்றாள். அப்பா இல்லாத வீடு, தாய்மாமன்தான் சம்பந்தம் பேசுகிறார், பச்சையம்மா, அதுதான் அவள் அம்மா பேர், சரி என்று சொல்லிவிட்டால் தேதி குறித்துவிடுவார்கள். அம்மா வேண்டாம் என்று சொன்னால் மாமன் மீறமாட்டார். எல்லாம் அந்த அம்மாவின் ஒரு வார்த்தையில் நின்றது.

அம்மா பார்க்கிற படம் என்றதும் நான் போய்த் திறந்தது குடும்பம் ஃபோல்டர். மில் குடியிருப்பில் ரெண்டு பெண்கள், ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள், அழகான பாட்டு. நம் கடை வழக்கம் உனக்குத் தெரியாதா? ஆரம்பத்தை ஓட்டிப் பார்ப்போம், நடுவில் ஒரு தட்டு தட்டுவோம், சத்தம் வருகிறதா, ஓடுகிறதா, எடுத்துக் கொடுப்போம். எந்தக் கடைக்காரன் ஏற்றுகிற படத்தின் கடைசியைப் பார்த்திருக்கிறான்? நானும் பார்க்கவில்லை. "நல்ல படம்மா, அம்மாவோட உக்காந்து பாரு" என்று தட்டிக்கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் மத்தியானம் அந்தப் படத்தை ஓடவிட்டுவிட்டு ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். படம் முடிகிற நேரத்தில் மிஷினை நிறுத்திவிட்டேன். அந்த ரெண்டு பெண்களும் ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். திரும்பி வரவில்லை. செருப்புகள் மட்டும் இருக்கின்றன.

குணா, நான் என்ன காரியம் செய்துவிட்டேன் பார். அம்மா அந்தச் சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்வதற்காகப் படம் கேட்ட பெண்ணுக்கு, இப்படிப்பட்டவர்கள் கதி இதுதான் என்று காட்டுகிற படத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்த அம்மா பயந்து, அடுத்த முகூர்த்தத்திலேயே கழுத்தில் தாலிக்கயிறு ஏற்றிவிட்டால்? அதைவிட, அந்தப் பெண் அந்தக் கரையைப் பார்த்து, இதுவும் ஒரு வழி என்று நினைத்துவிட்டால்? போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது. திரும்பத் திரும்பப் போட்டேன். அந்தப் பொம்பளைக் குரலை அறைய வேண்டும் போல இருந்தது.

கடையை இழுத்து மூடிவிட்டு வெள்ளிமலை பஸ் ஏறினேன். வடக்கனந்தல் தாண்டி, கச்சிராயபாளையம் தாண்டி, மலை ஏற ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். நீ விழுந்த வளைவை நான் இதுவரை பார்த்ததில்லை, பார்க்கக்கூடாது என்றிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி, "வாந்தி வருதாம்மா? எலுமிச்சம்பழம் இந்தா" என்று கையில் திணித்தார். "வாந்தி இல்லை, என் தம்பி விழுந்த ரோடு" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

பஸ் நின்ற இடத்திலிருந்து ஒரு டெம்போவில் ஏறி, மீதியை நடந்து போய்ச் சேர்ந்தேன். கோகிலா வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். உசிரோடு உட்கார்ந்து முறத்தைத் தட்டிக்கொண்டிருந்த அவளைப் பார்த்ததும் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். "இன்னாக்கா, இவ்ளோ தூரம்?" என்று ஓடிவந்தாள். எனக்குக் கோவம்தான் வந்தது. "போன எங்கடி வெச்சித் தொலச்ச?" என்று கத்தினேன். "சார்ஜ் இல்லக்கா, கரெண்ட்டு நேத்திலேர்ந்து இல்ல" என்றாள்.

படம் பார்த்தீங்களா என்று மெதுவாகக் கேட்டேன். தலையை ஆட்டினாள். சார்ஜ் போவதற்குள், போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, அம்மாவும் அவளும் முழுசாகப் பார்த்திருக்கிறார்கள். படம் முடிந்ததும் அம்மா எழுந்து மாட்டைக் கட்டப் போய்விட்டாராம். அதற்குப் பிறகு பேச்சே இல்லையாம். ஆனால் கோகிலா தண்ணிக்குப் போனால் பின்னால் வருகிறாராம், விறகுக்குப் போனால் பின்னால் வருகிறாராம்.

பச்சையம்மாக்கா உள்ளேயிருந்து வந்தார். நான் எழுந்து கும்பிட்டு, "தப்பான படத்தக் குடுத்துட்டேங்க. கடைசியப் பாக்காம குடுத்துட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க" என்றேன்.

"நீதான் அந்தக் கடைக்காரப் பையனோட அக்காளா?"

"ஆமாங்க."

"நான் ஒண்ணு கேக்கறேன், நீ படிச்ச பொண்ணு, சொல்லு. அந்தப் பொண்ணுங்க ரெண்டும் ஆத்தாண்ட போவச்சொல்ல, அதுங்களப் பெத்தவளுங்க எங்க போயிருந்தாளுங்க? ஒருத்திகூடவா பின்னால போயி கையப் புடிச்சி இழுக்கல? படம் எடுத்தவனுக்கு ஒரு ஆத்தாள வெக்கணும்னு தோணலையா? நானா இருந்தா வுடுவனா?"

படத்தில் வந்தவர்களைப் பற்றித்தான் அவர் கேட்டார். எனக்கு அது நம் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்ட மாதிரி இருந்தது. நீ மலைக்கும் கடைக்கும் தனியாக அலைந்துகொண்டிருந்த காலமெல்லாம் நாங்கள் எங்கே போயிருந்தோம்?

என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அன்னிக்கி உன் தம்பி இங்கதான் கூழு குடிச்சான். மழ வருது, இருந்துட்டுப் போப்பான்னேன். அக்கா திட்டும்னு சிரிச்சிக்கினேதான் எறங்கினான்" என்றார். சிரித்துக்கொண்டே இறங்கினாயாம். அந்த ஒரு சொல்லை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். சிரிக்கிறவர்களெல்லாம் உள்ளே சிரிக்கிறார்களா என்றும் கூடவே தோன்றியது. என் புத்தி அப்படித்தானே?

பிறகு அவர் கோகிலாவைப் பார்க்காமல் என்னிடமே சொன்னார்: "எம் பொண்ணு எதுக்கு அந்தப் படத்தக் காட்டுச்சுன்னு எனக்குப் புரிஞ்சிது. எனக்கு இதெல்லாம் புடிக்கல. பொய் சொல்ல மாட்டேன். ரேவதிப் பொண்ணு இங்க வந்தப்போ என் கையால சோறு போட்டிருக்கேன், இப்ப நெனச்சா வயிறு எரியுது. ஊருல ஒருத்தி கேட்டா நான் இன்னா சொல்லுவேன்? ஆனா செருப்பு மட்டும் கிடக்கிற மாதிரி எம் பொண்ணுக்கு ஆவக்கூடாது. எங்க அண்ணங்கிட்ட சொல்லிட்டேன், தை மாசம் வரைக்கும் பேச்செடுக்காதன்னு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

கோகிலா முறத்தைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அந்தம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் சிந்திக் கிடந்த சாமையைக் கூட்டி அவள் முறத்திலேயே போட்டார்.

நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து கேட்டார்: "இதே மாதிரி வேற படம் கீதா? செத்துப் போவாம, வாழறது எப்பிடின்னு காட்டற படம்? நான் சாமிப் படந்தான் பாப்பேன். இருந்தா நீ எடுத்துக்கினு வா. வந்து எங்கூடவே உக்காந்து பாக்கணும். தனியா பாக்க எனக்கு பயமா கீது."

சாமிப் படம்! கேட்டதும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அந்தம்மா என்ன பார்ப்பார் என்று நான் கோகிலாவைக் கேட்கவே இல்லை. அம்மா என்றால் குடும்பம் என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். நீயாக இருந்தால் முதல் கேள்வியே அதுதான்.

இறங்கி வரும்போது கண்ணை மூடவில்லை. அந்த வளைவைப் பார்த்தேன். ஒரு கல்லு, கொஞ்சம் புல்லு, சாயம் போன ஒரு எச்சரிக்கைப் பலகை. அவ்வளவுதான் இருக்கிறது அங்கே. எதையும் சொல்லவில்லை அது.

சாமி ஃபோல்டரில் நீ வைத்திருந்ததைக் கண்டுபிடித்துவிட்டேன். திருவிழாவில் கரகம் எடுக்கிற பெண்ணும், அவளுக்குப் பம்பை அடிக்கிற பெண்ணும். ஊர் பிரிக்கப் பார்க்கிறது. அம்மன் ஒரு கிழவி ரூபத்தில் வந்து அவர்கள் வீட்டில் தங்கிக்கொண்டு, குழம்பில் உப்பு இல்லை, கூரை ஒழுகுகிறது என்று நச்சரிக்கிறாள். கிளைமாக்ஸில் சூலமும் இல்லை, நெருப்பும் இல்லை. ரெண்டு பேரும் தலை நரைத்து, யார் பல்செட்டை எங்கே வைத்தது என்று சண்டை போடுகிறார்கள். படம் முடிந்து பேர் ஓடுகிறவரைக்கும் பார்த்தேன். பேர் ஓடி முடிந்து திரை கருப்பான பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தேன், எங்கேயாவது யாராவது சாகிறார்களா என்று. சாகவில்லை.

வருகிற வியாழக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போகிறேன். தை மாதத்துக்கு அப்புறம் அந்தம்மா என்ன சொல்வார்? மாமன் கேட்பாரா? ரேவதிக்கு அந்த வீட்டில் இனி ஒரு வாய் சோறு கிடைக்குமா? எனக்குத் தெரியாது. ஒரு படம் இத்தனையையும் தாங்குமா என்றும் தெரியாது. நீ தாங்கும் என்று நம்பினாய், அதனால் எடுத்துப் போகிறேன்.

இதையெல்லாம் நம் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கோகிலாவைச் சொன்னேன், ரேவதியைச் சொன்னேன், அப்படியே உன்னையும் சொல்லிவிட்டேன். நீ என்னிடம் சொன்னதை, அவளிடம் சொல்ல முடியாமல் இருந்ததை, எல்லாவற்றையும். மழை, ரோடு, வண்டி என்று ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன். ஆரம்பிக்கவில்லை. கீரையை ஆய்ந்து முடித்தாள், தண்டையும் சேர்த்து நறுக்கிப் போட்டாள், அவள் ஒரு நாளும் அப்படிச் செய்யமாட்டாள்.

இன்று காலையில் கடைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தேன். பின்னால் வந்து நின்றாள்.

"வியாழக்கெழம எந்த பஸ்ஸு?"

"எதுக்கும்மா?"

"நானும் வரேன். அந்தப் பொம்பள தனியா உக்காந்து பாக்க பயப்படுதுன்னியே." கதவைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் படத்துல எம் புள்ள மாதிரி வர்றது... அது சாவாதில்ல?"

"சாவாதும்மா" என்றேன்.

வியாழக்கிழமை நம் அம்மாவைக் கையைப் பிடித்து மலைக்குக் கூட்டிப் போகிறேன், குணா. அந்த வளைவு வரும்போது ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து, என் கையை அவள் கையிலிருந்து எடுக்கமாட்டேன். அந்த வீட்டில் ரெண்டு அம்மாக்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, படம் முடிகிறவரைக்கும் எழுந்திருக்கமாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
மலையிலிருந்து இறங்கும்போது "அக்கா திட்டும்" என்று சிரித்தாயே, அதே அக்கா,
தமிழரசி